தாபி தாபி போ

நேற்றுப் பகலில், பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் சட்டை உலர்த்திக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டில் வேலை செய்யும் பிலிப்பீன்ஸ் பெண், மீகூன் சேமியா வேகவைத்த சுடுநீரைச் சாக்கடையில் கொட்ட வந்தாள். கொட்டுமுன் மெல்லச் சொன்னாள்: "தாபி தாபி போ." எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் அந்தச் சொல் மறக்கவில்லை. கையிலிருந்த சட்டையைப் போட்டுவிட்டுச் சாக்கடையை எட்டிப் பார்த்தேன்.

இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது கடலில். கலியாணமான கையோடு மனைவியை நாகப்பட்டினத்தில் விட்டுவிட்டு வந்து, பினாங்கில் ஒரு லாஞ்சுப் படகில் கயிறு பிடிக்கும் வேலையில் இருந்தேன். கரிப்புகையும் கருவாடும் நனைந்த சணலும் கலந்த அந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. லாஞ்சை ஓட்டிய சாரங்கு பெத்ரோ, மணிலாக்காரர். தங்கமான மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி என்று எங்களுக்குள் கேலி. கேலியில் நான்தான் முதல் ஆள்.

ஒருநாள் வெற்றிலைச் சாற்றைக் கடலில் துப்பினேன். "ஜாங்ஙான்! பாவா ஆடா ஓராங் லா!" என்று சந்தை மலாயில் அதட்டினார். துப்பாதே, கீழே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

யார் அந்த ஆள்? சிரேனா என்று ஒருத்தி. இடுப்புக்கு மேல் பெண், கீழே மீன்; பாடியே ஆளைத் தண்ணீரில் இறக்கிவிடுவாளாம். அவளாவது பரவாயில்லை. சியோக்கோய் என்று ஒருவன் இருக்கிறான். உடம்பெல்லாம் பச்சைச் செதில், விரலிடுக்கில் தவளைக்கு இருப்பதுபோல் சவ்வு. அவனுக்குப் பாட்டும் கூத்தும் கிடையாது. காலைப் பிடித்து இழுப்பதுதான் தொழில். இவர்கள் தலையில் எச்சிலோ சுடுநீரோ விழுந்தால் கெட்டது. அதனால் முதலில் "தாபி தாபி போ" என்று சொல்லிவிட வேண்டும்.

கேலி பேசிய நானும் அன்றுமுதல் சொல்ல ஆரம்பித்தேன். அதில் ஒரு சங்கடம். 'தாபி' என்பது மலாய்க்காரர் வைக்கும் சலாமான 'தாபே'தான் என்று நினைத்தேன். 'போ'வை நம் தமிழ்ப் 'போ' என்றே எடுத்துக்கொண்டேன். சலாம் வைத்த வாயால் 'போ' என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அதனால் 'தாபே தாபே போங்க' என்று மாற்றிக்கொண்டேன். மரியாதை கெடாமல் விரட்டுகிறேனாம்!

மூன்று வருஷம் கழித்து என் மனைவி கனகம் கப்பலேறி வந்தாள். வந்தவர்களை நோய்க்குப் பயந்து ஜெரஜாக் தீவில் அடைத்து வைத்திருந்து பிறகுதான் விடுவார்கள். அழைத்துவர எங்கள் லாஞ்சே போனது. "இளைச்சுட்டீங்க," என்றாள் என்னைப் பார்த்ததும்.

ஜெலுத்தோங் கரையை ஒட்டி வரும்போது மலைப் பக்கமிருந்து காற்று இறங்கியது. பட்டப்பகலில் வானம் கறுத்துவிட்டது. கனகம் குமட்டல் தாளாமல் விளிம்பில் குனிந்து கடலிலேயே வாந்தி எடுத்தாள். 'ங்க'வெல்லாம் காற்றோடு போயிற்று. "போ! போடா! போய்த் தொலைடா!" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினேன்.

லாஞ்சு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கனகம் இருந்த இடத்தில் கனகம் இல்லை.

பெத்ரோ சுக்கானை என் கையில் திணித்துவிட்டு, "தாபி தாபி போ" என்று சொல்லிக்கொண்டே குதித்தார். நான் குதிக்கவில்லை. உங்களிடம் ஒளிப்பானேன், எனக்குப் பயம். இரண்டு தடவை வெறுங்கையோடு மேலே வந்தார். மூன்றாம் தடவை அவள் கூந்தலைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பிழைத்துக்கொண்டாள். கரைக்கு வந்ததும், நான் என்ன கத்தினேன் என்று பெத்ரோ கேட்டார். சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் பாஷையில் 'போ' என்பது மரியாதைச் சொல்லாம், நம் 'ங்க' மாதிரி. கொஞ்சம் வழிவிடுங்கள் ஐயா என்றுதான் அத்தனை நாளும் அவர் கேட்டிருக்கிறார். நானோ அந்த மரியாதைக்கே 'டா' போட்டிருக்கிறேன்.

கனகத்தின் கணுக்காலில் ஐந்து கீறல்கள் இருந்தன.

"கயிறு மாட்டியிருக்கும் புள்ள," என்றேன்.

"கயித்துக்கு விரலு இருக்குமாங்க?" என்றாள்.

அதற்குப்பின் அவள் கடலை மிதிக்கவே இல்லை. மகளைக் கடலுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோரில் கட்டிக்கொடுத்தோம். ஃபெரி ஏற மாட்டேன் என்று பேரன் பிறந்ததைப் பார்க்கக்கூடப் போகவில்லை. கடலுக்குமேல் பாலம் வந்த பிறகும் போகவில்லை. பாலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

ஜப்பான்காரன் காலத்தில் பெத்ரோ எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த லாஞ்சு இல்லை. தீவில் ஆட்களை அடைப்பதும் இல்லை. அவள் விழுந்த இடத்தில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டிச் சாலை போட்டுவிட்டார்கள். கனகம் கண்மூடுவதற்கு முந்தைய வாரம், சந்தோஷப்படுவாள் என்று நினைத்து இதைச் சொன்னேன். "அந்தக் கடலே இப்ப இல்ல கனகம். மண்ணைப் போட்டு மூடிட்டாங்க."

போர்வைக்கு வெளியே கிடந்த காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அப்ப அது இப்ப எங்கங்க இருக்கும்?"