வக்கீல் மாசிலாமணியின் ஆட்சேபனை

வக்கீல் மாசிலாமணி காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டுக் காசிம் பாய். நான் கோர்ட்டுக் கச்சேரிக்குப் புறப்பட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தேன். "மாசிலாமணி ஐயா காலைல போய்ட்டாருங்க. இனிமே நம்ம தெருவுக்கு யாரு இருக்கா?" என்றார். எதிரே நானும் ஒரு வக்கீல் நிற்பது அவர் நினைவுக்கே வரவில்லை. துக்கம் வருவதற்கு முன் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதை மறைத்து எழுதினால் மாசிலாமணியே சிரிப்பார்.

அவரும் நானும் ஒரே சமயத்தில் ஆம்பூரில் தொழில் தொடங்கியவர்கள். என் இங்கிலீஷ் அவருடையதைவிட நன்றாக இருக்கும். ஆனாலும் கட்சிக்காரர்கள் என் வாசலைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் கோட்டில் எப்போதும் ஒரு பொத்தான் குறையும். அந்தக் கோட்டோடு அவர் கடைத்தெருவில் நின்றால் நாலு பேர் கூடிவிடுவார்கள். நான் இஸ்திரி போட்ட கோட்டோடு போனால் வழி விட்டு ஒதுங்குவார்கள். எனக்கு வயிறு எரியும்.

அவரை அறிந்த உங்களுக்குத் தோல் ஷாப்பு விவகாரம் நினைவிருக்கும். எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் ஒரே கிணற்றில்தான். அதற்கு மேட்டுப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பு கட்ட ஒரு முதலாளி மனுப் போட்டார். ஆட்சேபனை உள்ளவர்கள் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழித் தண்ணீர் கிணற்றில் இறங்கினால் நாங்கள் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். நான் அன்றே உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு மகஜர் எழுதினேன். முதலாளியின் பேராசையைத் தோலுரித்திருந்தேன். இன்றைக்கும் அது நல்ல எழுத்து என்றே சொல்வேன்.

கையெழுத்து வாங்கப் போனபோதுதான் சங்கதி தெரிந்தது. காசிம் பாய் அதே முதலாளியின் பழைய ஷாப்பில் மேஸ்திரி. "நீங்க எழுதினது சரிதாங்க. ஆனா இதுல கையெழுத்து போட்டுட்டு நாளைக்கு அவரு மூஞ்சில எப்படி முழிக்கிறது? பேஜாராப் போய்டும்" என்றார். தெருவில் பாதிப் பேர் தோலில் பிழைப்பவர்கள். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே மாசிலாமணி எங்கள் தெருவுக்கு வந்தார். "ஆள் மேல எழுதாதீங்க, எடத்து மேல எழுதுங்க" என்றார். ஷாப்பே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஊருக்குக் கீழே பள்ளத்தில் ஒரு தரிசு கிடந்தது, அங்கே கட்டட்டும் என்றார். காசிம் பாயின் முகம் தெளிந்துவிட்டது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே மகஜர் எழுதவும் அவர் சம்மதிக்கவில்லை. "ஒரே காகிதம்னா ஒரே ஆட்சேபனைன்னு கட்டி வெச்சிடுவாங்க. வீட்டுக்கு ஒண்ணு குடுங்க. உங்க வீட்ல இன்னா ஆவும்னு நீங்களே சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றார். வீடு வீடாக உட்கார்ந்து, அவரவர் சொன்னதைத் தமிழிலேயே எழுதினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை நாளில் யூனியன் பிரசிடெண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். என் மகஜர் என் ஒற்றைக் கையெழுத்தோடு அடியில் கிடந்தது. நடுவில் தனம்மாள் என்ற பெயர் வந்தது. அது என் மனைவி. "கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் கொடுக்கிறேன். இது கெட்டால் நான் எந்தக் கிணற்றுக்குப் போவது என்று காட்டிவிட்டு அனுமதி கொடுங்கள்" என்று இருந்தது. பிரசிடெண்டு படிப்பதை நிறுத்திவிட்டு, இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். ஷாப்பு பள்ளத்துக்குப் போனது. முதலாளி மாசிலாமணிக்குக் கும்பிடு போட்டார், என்னை முறைத்தார்.

வீட்டுக்கு வந்து தனத்திடம், "வக்கீல் பெண்சாதி இன்னொரு வக்கீலிடமா போவாள்?" என்று கேட்டேன். "நீங்க என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லியே. அவரு கேட்டாரு" என்றாள். ஊர் முழுக்க அவர் பக்கம் போனதை நான் தாங்கிக்கொண்டேன். இதை இன்னும் தாங்கவில்லை.

அவர் அடக்கம் முடிந்த சில நாளில் அதே மேட்டுக்கு இன்னொருவர் மனுப் போட்டிருக்கிறார். இந்த முறை காசிம் பாய் தெருவையே கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். இத்தனை வருஷம் நான் ஏங்கிய கூட்டம். முதல் ஆட்சேபனையைத் தனத்திடம் கேட்டு எழுதினேன். பிறகு வீடு வீடாகப் போய், இடத்தின் மேல் மட்டும், தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஒவ்வொன்றையும் முடித்ததும், அவர் இதைவிட நன்றாக எழுதியிருப்பாரோ என்று மனம் புகைகிறது. மாசிலாமணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பொறாமை ஒன்றைத்தான். இனி யார் மேல் பொறாமைப்படுவது என்றுதான் தெரியவில்லை.