யார் போட்டுக் கொடுத்தது?

பிரசவ வார்டில் அவளுக்கு இரும்பு சிஸ்டர் என்று பெயர். யார் முன்னாலும் கண் கலங்கியதில்லை. வயிற்றிலேயே குழந்தையை இழந்த தாய்மார்களை ஆஸ்பத்திரி எப்படி நடத்துகிறது என்ற ஆராய்ச்சி, அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. ஒவ்வொரு தாயையும் தனி அறையில் உட்காரவைத்து, பேசவிட்டுப் பதிவு செய்வாள்.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா ஒருநாள், "இனிமே வாராவாரம் மனநல கவுன்சிலரைப் போய்ப் பாருங்க" என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் பொருமினாள். "எனக்கென்ன கேடு? அங்க வாயைத் திறந்தா நேரா டாக்டரம்மா காதுக்குப் போகும். மனசு சரியில்லைன்னு முத்திரை குத்தி வேலையைப் பிடுங்கத்தான் இந்த நாடகம்."

"சும்மா பேசிட்டுத்தான் வாயேன்."

"ஏன், உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று அவனையும் முறைத்தாள்.

ஆழம் பார்க்க ஒரு பொய்யோடு போனாள். "எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. வெளிநாட்டு வேலைக்குத்தான் முயற்சி பண்றேன்" என்று கவுன்சிலரிடம் அவிழ்த்துவிட்டு, அது யார் வாயிலிருந்து திரும்பி வருகிறதென்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

டாக்டரம்மா கூப்பிட்டார். வெளிநாட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. "ஒரே நாள்ல அத்தனை பேரைப் பார்க்காதீங்க சிஸ்டர். நடுவுல இடைவெளி விடுங்க. தனியா உட்கார்ந்து அழாதீங்க."

தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தனி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது கணவனுக்குக்கூடத் தெரியாதே! "யார் போட்டுக் கொடுத்தது?"

"போன வாரம் பேசிட்டு அந்தத் தாய் எழுந்து போனப்புறம் ரெக்கார்டரை நிறுத்த மறந்துட்டீங்க. பதிவையெல்லாம் கேட்டு டைப் பண்ற பொண்ணு காதுல விழுந்திருக்கு."

விறுவிறுவென்று டைப் அறைக்குப் போனாள். காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவளின் முகம் வீங்கியிருந்தது.

"என்னை மாட்டிவிட்டுட்டியே!"

"இல்லக்கா. எனக்கு முடியலைன்னு சொல்லத்தான் போனேன். அந்தக் குரலெல்லாம் வீட்டுக்கும் கூடவே வருது. பிள்ளை தூங்கினா மூச்சு வருதான்னு மூக்குல விரல் வச்சுப் பார்க்கறேன். நீங்க அழறதைக் கேட்டதும்தான் நான் மட்டும் இல்லைன்னு தெரிஞ்சுது."

திட்ட வந்தவள், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த முறை அவளையும் அழைத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போனாள். "இங்க பேசறது வெளிய போகாதில்ல?" என்று கேட்டாள். போகாது என்றார். முழுசாக நம்பவில்லை, கதவு சாத்தியிருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்தாள். பிறகு, மாசமாக இருக்கும் தன் மகளுக்குத் தினமும் போன் போட்டு, "குழந்தை அசையுதா?" என்று கேட்டு நச்சரிப்பதை மெல்லச் சொல்லத் தொடங்கினாள்.