இரண்டாம் தொட்டிக்கும் ஒரு பிடி

பத்து முனைவர் பட்டம்கூட வாங்கிவிடலாம், இந்தத் தனகோடியைக் கட்டி மேய்க்க முடியாது. ஸ்ரீதேவி தலையில் அடித்துக்கொண்டாள்.

படூர்க்காரி தனகோடிக்குக் கல்லூரி மீன் ஆய்வுக்கூடத்தில் தொட்டி கழுவித் தீவனம் போடுகிற வேலை. 2003-ல் ஸ்ரீதேவியின் ஆராய்ச்சி முழுக்க அவள் கையில்தான் இருந்தது. கோவளத்துப் பாறைகளில் வழித்தெடுத்த கடல்பாசியின் சாற்றைத் தீவனத்தில் கலந்தால், விராலுக்குப் பூஞ்சைப் புண் வராமல் இருக்குமா? இதுதான் கேள்வி. முதல் தொட்டிக்குப் பாசித் தீவனம், இரண்டாம் தொட்டிக்கு வெறும் தீவனம். ஒரு மாதம் கழித்து இரண்டுக்கும் பூஞ்சையை ஊசியில் ஏற்ற வேண்டும். இரண்டாவதில் புண் வந்தால்தான் முதலாவதற்கு மதிப்பு. உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் முடிவு வராவிட்டால் ஐந்து வருஷப் படிப்பு அம்போ.

ஊசி போட்டுப் பத்து நாளாயிற்று. இரண்டாம் தொட்டி விரால்கள் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாமல் கல்லுக்குண்டாட்டம் திரிந்தன. பூஞ்சை செத்துவிட்டதா என்று பார்த்தாள். அது ஆய்வுக்கூட வளர்ப்புத் தட்டில் ஜோராக வளர்ந்தது. தண்ணீரைச் சோதித்தாள். ஊசியைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் பாசித் தீவன டப்பாவைத் திறந்தாள். எண்பது நாளைக்குச் செய்தது நாற்பதே நாளில் அடி தட்டியிருந்தது.

“என்னக்கா பண்ணீங்க?”

“இன்னா பண்ணேன்? ரெண்டுத்துக்கும்தான் போட்டேன். ஒரே பந்தியில ஒருத்தனுக்குப் பாயசம், ஒருத்தனுக்கு வெறுஞ்சோறா? பந்தி வஞ்சன பண்ணா வெளங்குமா பாப்பா? எங்க சித்தி வூட்ல அவ புள்ளைங்களுக்கு மீனு, எனக்கு வெறும் கொழம்பு. பன்னெண்டு வருசம். அந்தப் பாவத்த என் கையால பண்ணச் சொல்றியா?”

“ஐயோ, உங்க தர்மத்துல என் படிப்பே போச்சு!” ஸ்ரீதேவிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மறுபடி முதலிலிருந்து. புது விரால், புதுத் தீவனம். மார்ச் நெருங்க நெருங்க நாட்காட்டியில் நாளை எண்ணினாள். இந்த முறை இரண்டாம் தொட்டிக்கு ஸ்ரீதேவியே போட்டாள். தனகோடி முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் தொட்டியை மட்டும் கவனித்தாள். தினமும் நச்சரிப்பு வேறு: “இன்னும் எத்தினி நாளு?”

ஊசி போட்ட ஒன்பதாம் நாள் இரண்டாம் தொட்டியில் புண் வந்தது. இருபதில் பதின்மூன்று செத்தன. முதல் தொட்டியில் இரண்டே இரண்டு. படிப்பு பிழைத்தது. ஆனாலும் மிதந்தவற்றை வலையில் அள்ளும்போது ஸ்ரீதேவியால் தனகோடியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசி எண்ணிக்கையை எழுதிப் பேனாவை மூடுவதற்குள், தனகோடி பாசித் தீவன டப்பாவோடு வந்து நின்றாள்.

“எண்ணி முட்ச்சிட்டியா? மிச்சம் ஏழு கீது. இப்பனா போடலாமா?”

இனிமேல் போட்டு என்ன பிரயோஜனம் என்று எரிந்துவிழ வாயெடுத்த ஸ்ரீதேவி, டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து கொடுத்தாள்.