பச்சை ஒட்டிய பிஸ்கட்

“…அதெல்லாம் கெடக்கட்டும் தங்கச்சி. மச்சான்ட கால் இப்ப எப்பிடி ஈக்கி, அத செல்லுங்க மொதல்ல” என்றார் நானா.

எரிந்துபோன தன் கடைக்கு நடுவில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரரின் காலை விசாரித்தார். நான் போனது அவரிடம் மன்னிப்புக் கேட்க. பாதிதான் சொல்லியிருந்தேன், அதற்குள் இந்தக் கேள்வி.

என் வீட்டுக்காரர் குண்டசாலையில் த்ரீவீல் ஓட்டினார். சீனி வருத்தம் வந்து, பிரேக் மிதிக்கிற வலது கால் பெருவிரலில் ஒரு புண் வந்து, அது ஆறாமலே கிடந்தது. சீனி இறங்காவிட்டால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி ஒரு கடதாசி தந்தா. சோடாப் போத்தலில் சீனிக்கு ஏற்றபடி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டம் போட்டு வருகிறதல்லவா, அதே மாதிரி மற்றச் சாமான்களுக்கும் நாமே போடலாமாம். பக்கெட் உறையின் பின்னால் நூறு கிராமில் எவ்வளவு சீனி, எவ்வளவு உப்பு, எவ்வளவு கொழுப்பு என்று எழுதியிருக்கும். அதை வாசித்து, கடதாசியோடு ஒத்துப் பார்த்து நிறம் போடவேண்டும்.

நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்து, போஸ்டரையும் பஸ் போர்டையும் பார்த்துத் தானாகப் படித்தது. சாமான் வாங்குகிற கடை நானாவுடையது. முஸ்லிம் ஆள், ஊர் அலவத்துகொட, விடிய முதல் பஸ்ஸில் வந்து கடை திறப்பார். அவர் மனைவிக்கும் அதே வருத்தம். “நீங்க வாசிங்க, நான் ஒட்டுறேன்” என்றார். விலை ஒட்டுகிற ஸ்டிக்கரில் மூன்று நிறம் வாங்கி வைத்தார். பின்னேரங்களில் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பேன், அவர் ஒட்டுவார். டின்பாலுக்குச் சிவப்பு. மாஜரினுக்குச் சிவப்பு. பருப்புக்குப் பச்சை. மீன் டின்னுக்கு, உப்புத் தண்ணியைக் கொட்டிவிட்டால், பச்சை.

கடைக்கு வருகிறவர்கள் பகிடி பண்ணாமல் போவதில்லை. “என்ன நானா, சோயாமீட் பாஸ், மாஜரின் பெயிலா? பெற்றோரைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க!” ஒரு அக்கா சிவப்பு ஒட்டிய கேக்கைக் கையில் எடுத்து, “இதுக்கு வெக்கமா இருக்கு, அதான் செவந்திருச்சு” என்று சொல்லிவிட்டு இரண்டு வாங்கிக்கொண்டு போனா. என் வீட்டுக்காரர் மட்டும் என்ன, “எனக்கு என்ன நெறம்டி போடுவ?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லுமுன்னே “தெரியும் தெரியும், செவப்பு” என்பார். இப்படி ஆளுக்கொரு பேச்சு. கேட்டதையெல்லாம் நான் மனதுக்குள் சேர்த்து வைத்திருக்கிறேன், வேறு என்ன இருக்கிறது என்னிடம்.

அந்த மோல்ட் பிஸ்கட்டுக்கு நாங்கள் பச்சை ஒட்டினோம்.

பச்சைதானே என்று என் வீட்டுக்காரர் காலையில் ஆறு பிஸ்கட், பின்னேரம் ஆறு, தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டார். சீனி இறங்கவில்லை, ஏறியது. மிஸ்ஸி என்னதான் சாப்பிடுகிறார் என்று கேட்டபோது நான் பெருமையாகப் பக்கெட்டை எடுத்துக் காட்டினேன். அவ அதைத் திருப்பி, விரலை வைத்தா. இரண்டு வரிசை இலக்கம் இருந்தது. இரண்டாவதுதான் நூறு கிராமுக்கு. முதலாவது, ஒரு தரம் சாப்பிடுகிற அளவுக்கு. அதாவது இரண்டு பிஸ்கட்டுக்கு. நான் முதலாவதை வாசித்திருந்தேன்.

அங்கிருந்து நேரே கடைக்குப் போனேன். ஆட்கள் நிறைய நின்றார்கள். “உங்க கடைப் பச்சைதான் என் வீட்டுக்காரர் காலைத் தின்னுது! இனி இந்தப் படி மிதிக்க மாட்டேன்” என்று கத்தினேன். வாசித்தது நான் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. ஒரு சிவப்பு ஸ்டிக்கர் விரல் நுனியில் ஒட்டியபடி நின்றார்.

மூன்றாம் நாள் கலவரம். சின்ன வயதில் ஹுன்னஸ்கிரியவில் எங்கள் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது தேயிலைக்குள் படுத்துக் கிடந்தவள் நான். பிறகு வருஷக்கணக்கில் நாட்டில் சண்டை, அதுவும் ஒருமாதிரி முடிந்தது. இனி அடுப்பில் எரிகிற நெருப்பு மட்டும்தான் என்று இருந்தோம். அன்றைக்குத் தமிழர் என்று எங்களைத் தேடி வந்தார்கள், இன்றைக்கு முஸ்லிம் ஆட்களை. பட்டப்பகலில் ரோட்டுப் பக்கம் புகை எழும்பியது. எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. புகையில் மாஜரின் உருகுகிற வாசம் வந்தது.

ஊரடங்கில் நாங்கள் கிளினிக் போக முடியவில்லை. புண் கறுத்துப்போனது. ஊரடங்கு எடுத்த அன்றே கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு விரலை எடுத்தார்கள். அங்கிருந்து திரும்பி வரும்போது பஸ் கடையைத் தாண்டியது. மணியடித்து இறங்கினேன்.

நானா தனியாகச் சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூரை இல்லை. படியில் கால் வைத்தபோது அன்றைக்கு நான் கத்தியது எனக்கே கேட்டது. “நானா, வாசிச்சது நான்தான். பிழை என்னோடது. அத்தனை பேருக்கு முன்னால உங்களை…” என்று தொடங்கினேன். அப்போதுதான் அதெல்லாம் கிடக்கட்டும் என்றார்.

“ரெண்டு விரல் எடுத்துட்டாங்க நானா. மத்ததுக்கு சீனி இறங்கினாத்தான்னு சொல்றாங்க.”

கீழ்த்தட்டு எரியாமல் தப்பியிருந்தது. நெருப்பணைக்க அடித்த தண்ணியில் அங்கிருந்த டின்களின் கடதாசி உரிந்து, ஸ்டிக்கரும் போய், எல்லாம் ஒரே வெள்ளைத் தகரமாக நின்றன. எது மீன், எது பால் என்று தெரியாது. நானா குந்தி உட்கார்ந்து, ஒன்றை எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்கினார். சத்தம் இல்லை, கெட்டி. பால். தள்ளி வைத்தார். அடுத்ததைக் குலுக்கினார். உள்ளே தண்ணி சளக்கென்றது. உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, அதை என் பையில் போட்டார்.