திரிந்து மிதந்த வேப்பெண்ணெய்

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்த பெண் அவர். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் கத்தரிக்காட்டில், வெள்ளை ஈக்கு வேப்பெண்ணெய் அடித்துக் காட்ட வந்திருந்தார். ஒல்லியான உருவம், நெற்றிக்குத் தூக்கிவிட்ட மூக்குக்கண்ணாடி. எந்தப் பாட்டிலை எடுத்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்.

எங்கள் போர்க் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெயையும் சோப்புக் கரைசலையும் ஊற்றிக் கலக்கினார். பால்போல வெளுத்தது. சற்று நேரத்தில் எண்ணெய் திரிந்து மேலே மிதந்தது. கூடி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை அப்படியே அடித்திருந்தால் என் செடிகள்தான் கருகியிருக்கும்.

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பாட்டிலை வெயிலில் பிடித்துப் பார்த்தபடியே சொன்னார்: "சோப்பு ஒவ்வொரு எண்ணெய்த் துளி மேலயும் மைனஸ் சார்ஜ் ஏத்திவிடும். அதனால ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு, சேராம நிக்கும். இந்தத் தண்ணியில இருக்குற சுண்ணாம்பு அந்தச் சார்ஜை அமுக்கிருச்சு."

பக்கத்துக் காட்டுக்காரர் குத்தலாகக் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, அப்ப தப்பு எங்க தண்ணி மேலைங்களா?"

"இல்லைங்கய்யா. காலேஜ் தண்ணியில மட்டும் கலக்கிப் பாத்துட்டு வந்த என் மேல."

கலக்கியதைக் கொட்டிவிட்டு, ஒரு கேன் கேட்டு வாங்கி, எங்கள் போர்த் தண்ணீரை நிரப்பிக்கொண்டார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனார். பிறகு எங்கள் தண்ணீரில் அந்த எண்ணெய் திரியாமல் நின்றதா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஊருக்கு இப்படிச் செய்துகாட்ட வந்த எத்தனையோ பேர் எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் தண்ணீரைக் கொண்டுபோனவர் அவர் ஒருவர்தான்.