கோதுமை ஊரில் நோன்பு

வின்னிப்பெக் என்ற பெயர் உம்மாவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. "அந்தக் கோதுமை ஊர்" என்பார். பினாங்கில் எங்கள் சூலியா தெரு வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தம்பியின் கடிதங்களை வாசிப்பதும் பதில் எழுதுவதும் என் வேலை. கப்பலில் கரி அள்ளப் போனவன் கனடாவில் இறங்கி, ரயிலேறி, அந்த ஊரில் ரயில் பெட்டி கழுவிக்கொண்டிருந்தான்.

ஊரைக் கடிதம் கடிதமாகத் தெரிந்துகொண்டேன். மருந்துக்கும் மலை கிடையாது. சூலியா தெருவைப் போல நாலு தெருவை ஒன்றாகச் சேர்த்த அகலத்தில் ஒரு தெரு. குளிர்காலத்தில் ஆறு உறைந்து அதன்மேல் குதிரை வண்டி போகுமாம். உம்மா சிரித்தார். நான் நம்பினேன். ஆற்றை நம்பிய நான் சூரியனை நம்பாமல் போனதுதான் கொடுமை.

ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான்: "குளிர்ல பிடிச்ச இருமல் விடலை ராத்தா. இந்த வருசம் நோன்பு கோடையில வருது. இங்க கோடையில ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாது. விடியக்காலம் மூணு மணிக்கே வெளுத்துடும். ஒரு நோன்பும் விடாதன்னு உம்மா சொல்லி அனுப்புனாங்க. என்ன செய்ய?"

எங்கள் ஊரில் வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணிக்குள் அடைந்துவிடும். வேறு மாதிரி நான் கண்டதில்லை. எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். யாரையும் கேட்காமல் அன்றே எழுதினேன்: "சாக்குச் சொல்லாதே. நோன்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான்."

ஒன்றரை மாதம் கழித்து, வடக்குக் கடல்களில் ஓடிய மாலுமி ஒருவர் விருந்துக்கு வந்தார். அவரிடம் தம்பி எழுதிய ஒன்பது மணி வெளிச்சத்தைச் சொல்லிச் சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை.

"உண்மைதாம்மா. நானே பாத்திருக்கேன்" என்றார்.

பள்ளிவாசல் லெப்பையிடம் ஓடினேன். "நோயாளி விடலாம்லா. குளிர்காலத்துல அங்க பகல் சின்னதுதானே, விட்ட நோன்பை அப்ப பிடிச்சுக் களா செய்யட்டும்" என்றார். எவ்வளவு எளிதான பதில்! உடனே எழுதிப் போட்டேன். நோன்புக்குப் பத்து நாள் இருந்தது. கடிதம் போய்ச் சேர இரண்டு மாதம். தந்தி கொடுக்கப் போனேன். விலாசம் கேட்டார்கள். தம்பி தபாலகத்திலேயே போய்க் கடிதம் வாங்குகிறவன். அந்த ஊரின் ஆறு தெரியும், தெரு தெரியும். அவன் படுக்கும் வீடு எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதம் முழுக்க அந்தியில் மஃரிப் பாங்கு கேட்டதும் எல்லோரும் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார்கள். நான் பழத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். என் முதல் கடிதம் கடலிலே தொலைந்திருக்க வேண்டும் என்று துஆ கேட்டேன்.

தொலையவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் அவன் கடிதம் வந்தது: "உங்க கடுதாசி கெடச்சுச்சு ராத்தா. நான் சாக்குச் சொல்லலை. இன்னைக்குப் பத்தொன்பதாவது நோன்பு. ஒன்னும் விடலை. இருமுனா ரத்தம் வருது. கோபப்படாதீங்க."

அதன்பிறகு அந்த ஊரிலிருந்து எங்களுக்குக் கடிதமே வரவில்லை.

உம்மாவுக்கு அந்தக் கடிதத்தை வாசித்தபோது முதல் இரண்டு வரிகளையும் கடைசி வரியையும் விட்டுவிட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் உம்மா சொல்வார்: "ரத்தம் கக்கியும் எம் மவன் நோன்பு விடலை. நான் சொன்ன ஒரு சொல்லுக்காக." நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.