காதுப் பஞ்சு

பிள்ளை பெற்றவள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்காற்று காது வழியாகத்தான் உள்ளே போய் உடம்பைக் கெடுக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து மாதனூருக்கு வந்த அன்றே என் மாமியார் பஞ்சைக் கிள்ளி உருட்டி என் இரண்டு காதிலும் அடைத்து, தலையைச் சுற்றி ஒரு பழைய துண்டைக் கட்டிவிட்டார். எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை பார்த்தவள் நான். மெஷின் இரைச்சலுக்காக அங்கேயும் காதை அடைத்துக்கொண்டுதான் நாள் முழுக்க நின்றோம்.

நாற்பது நாள் முடிந்ததும் துண்டை அவிழ்த்துவிட்டார்கள். பஞ்சை நான் எடுக்கவில்லை. பஞ்சோடு இருந்தால் எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல இருந்தது. குழந்தை அழுவது பக்கத்து வீட்டில். என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவதும் பக்கத்து வீட்டில். தினமும் குளித்துவிட்டு வந்து, நானே புதுப் பஞ்சு உருட்டி வைத்துக்கொண்டேன்.

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. குழந்தை பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னார்.

“இந்தக் காலத்துப் பொண்ணுங்க பத்தாம் நாளே ஃபேனப் போட்டுக்குனு போன் பாக்குதுங்க. எங்க வீட்டுப் பொண்ணப் பாருங்க, இன்னும் பஞ்ச எடுக்கல. குடுத்தத சாப்ட்டுட்டு அது பாட்டுக்குக் கம்முனு இருக்குது.”

வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் வெளியே போகவில்லை, எதிர்த்துப் பேசவில்லை, உட்கார் என்றால் உட்கார்ந்தேன், படு என்றால் படுத்தேன். எனக்கு நோய் முற்றிக்கொண்டிருந்தது, வீட்டில் நல்ல பெயர் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது கோபம்கூட வரவில்லை.

கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூ மேல்பாகத்தைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, நூல் பிசிறு, பசைக் கறை, தோலில் கீறல் என்று எது இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். என் மகளையும் அப்படித்தான் பார்த்தேன். விரல், நகம், காது மடல், முதுகு. ஸ்டிக்கர் ஒட்ட ஓர் இடம் இல்லை. பாஸ். அவளைக் கீழே வைத்துவிட்டு என் கை அடுத்த பீஸுக்குக் காத்திருந்தது. அடுத்தது வரவில்லை. இவளே அழுதுகொண்டு கிடந்தாள். பிள்ளை முகத்தைப் பார்த்ததும் பெற்றவளுக்கு உள்ளே ஏதோ பொங்கும் என்றார்கள். எனக்கு ஒன்றும் பொங்கவில்லை. துக்கமும் இல்லை. துக்கம் இருந்து நான்கு நாள் அழுதிருந்தாலாவது யாராவது என்னவென்று கேட்டிருப்பார்கள்.

பாலும் வற்றிக்கொண்டே வந்தது. மாமியார் பூண்டு வதக்கிக் கொடுத்தார், கருவாட்டுக் குழம்பு வைத்தார். அதெல்லாம் வயிற்றோடு நின்றுவிட்டது. பிறகு பாட்டில் வாங்கினார்கள். பாட்டில் வந்ததும் குழந்தையை என்னிடம் கொண்டுவருவது குறைந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது.

அப்போதுதான் கணியம்பாடியிலிருந்து என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, வர ஆரம்பித்தார். கல்யாணமாகி நெடுநாளாகியும் அவருக்குக் குழந்தை இல்லை. வீட்டுக்குப் பின்னால் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம், நல்ல மனுஷி. வரும்போதெல்லாம் மகளை மடியிலிருந்து இறக்கமாட்டார். தலை உருண்டையாக வரவேண்டும் என்று கடுகு நிரப்பிச் சின்னதாக ஒரு தலையணை தைத்துக் கொண்டுவந்தார். தையல் எப்படி என்று பார்த்தேன். கைத்தையல், ஆனால் ஒரு பிசிறு இல்லை.

ஞானஸ்நானம் முடிந்ததும் குழந்தையைக் கொஞ்ச நாள் அவரிடம் விட்டு வைக்கலாம் என்று ஒருநாள் சாப்பிடும்போது பேச்சு வந்தது. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. அப்படிப் போகிற குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் சேர்கிறவரை அங்கேயேதான் இருக்கும் என்பது எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அது யாரை அம்மா என்று கூப்பிடும் என்பதும் தெரியும்.

“உனக்கு சரியாம்மா?” என்று மாமியார் கேட்டார்.

“சரி அத்தை,” என்றேன். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டிருந்தாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பேன்.

தடுப்பூசிக்குப் போன இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்கு ஊசி போட்டதும் அவள் வீறிட்டிருக்கிறாள். பக்கத்தில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் என் மாமியாரைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க மருமகளுக்கு காது கேக்காதா?” என்று கேட்டார். “கேக்கும் சிஸ்டர், பஞ்சு வெச்சிருக்குது,” என்று மாமியார் பெருமையாகவே சொல்லியிருக்கிறார். நர்ஸ் பெருமைப்படவில்லை. என்னை உட்கார வைத்து நாலைந்து கேள்வி கேட்டார். தூங்குகிறாயா, பசிக்கிறதா, செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். வேலூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வேலூர் டாக்டர் அம்மா அதற்கு ஒரு பெயர் சொன்னார், பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான், சரியாகிவிடும் என்றார். மாத்திரை எழுதினார். மாடியில் யோகா வகுப்பு நடக்கிறது, வாரத்தில் இரண்டு நாள் அதற்கும் வரவேண்டும் என்றார். மாமியாருக்கு முகம் மாறிவிட்டது.

“நாங்க சர்ச்சுக்குப் போறவங்க டாக்டர். அதெல்லாம் செய்யலாமா? யோகா செஞ்சா மாத்திர வேணாமா?”

“மாத்திரையும் வேணும், இதுவும் வேணும். ஒண்ணுக்கு பதிலா ஒண்ணு இல்லம்மா.”

மாமியார் பாஸ்டரிடம் போய்க் கேட்டார். உடற்பயிற்சி என்றால் பரவாயில்லை, மந்திரம் மட்டும் சொல்லக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். மந்திரம் சொல்கிறார்களா என்று பார்ப்பதற்காக மாமியாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

மாடி ஹாலில் நீலப் பாய்கள். என்னைப்போல ஏழெட்டுப் பேர். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என்னைவிட வயது கம்மி. எங்களைப் பார்த்துப் பரிதாபப்படாதது அவளிடம் எனக்குப் பிடித்திருந்தது. கையைத் தூக்கு, மூச்சை இழு, மெதுவாக விடு. நான் கம்பெனிப் பழக்கத்தில் சட்டுசட்டென்று செய்து முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று நிற்பேன். “டார்கெட் எல்லாம் கிடையாதுக்கா இங்க,” என்பாள். மாமியார் பின்னால் பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்து போலீஸ்காரர் மாதிரி எங்கள் வாயையே கவனித்துக்கொண்டிருந்தார்.

முதல் வாரங்களில் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதையும் சொல்லவேண்டும். கை கால் அசைந்தது, அவ்வளவுதான். மாத்திரை வாயை உலர்த்தியது. பஸ்ஸில் விரிஞ்சிபுரம் தாண்டும்போது தூங்கிப்போவேன்.

பிறகு ஒருநாள் பிராமரி என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள். கட்டைவிரலால் காதை அடைத்துக்கொண்டு, உதட்டை மூடி, மூச்சை விடும்போது தேனீ மாதிரி ம்ம் என்று சத்தம் எழுப்ப வேண்டும். சத்தம் கிளம்பியதுதான் தாமதம், மாமியார் எழுந்துவிட்டார்.

“அது இன்னா மந்திரம்மா?”

“மந்திரம் இல்லம்மா. தேனீ சத்தம்.”

“தேனீதானே. அது எல்லார்க்கும் பொது,” என்று சொல்லி மாமியார் உட்கார்ந்தார்.

அந்தப் பெண் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் என்னிடம் நின்றாள். “இன்னாக்கா இது, காதுல பஞ்சு? குழந்தைக்கு எத்தினி மாசம்?”

“மூணாகப் போவுது.”

“எடுத்துடுங்க.”

“இருக்கட்டும். விரல வெச்சு அடைக்கத்தானே போறோம்.”

“விரல வேணும்னா எடுக்கலாமே,” என்றாள். கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொடுக்காவிட்டால் நகரமாட்டாள் போலிருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

எனக்கு உடனே எதுவும் திறந்துவிடவில்லை. காதுக்குள் குளிராக இருந்தது. ம்ம் என்று சத்தம் போட்டபோது பல் கூசியது, மண்டைக்குள் அதிர்ந்தது, நெஞ்செலும்புவரை அந்த அதிர்வு வந்தது. என் உடம்பில் ஒன்று நடந்து அது எனக்குத் தெரிந்தது நீண்ட நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான். விரலை எடுத்தேன். மின்விசிறி கரகரவென்று ஓடியது. கீழே யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். உலகத்தில் இவ்வளவு இரைச்சலா என்று எரிச்சலாக இருந்தது. எனக்குள் முதலில் திரும்பி வந்தது அந்த எரிச்சல்தான்.

வீட்டிலும் தினமும் செய்யச் சொன்னாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தேனீ மாதிரி முரலுவேன். சில சமயம் மாமியார் அழுகிற குழந்தையைக் கொண்டுவந்து என் நெஞ்சில் சாய்த்துவிட்டுப் போவார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, இது எங்கிருந்து வருகிறது என்பதுபோல என் கழுத்தைப் பார்ப்பாள். நானும் அவளைப் பார்ப்பேன். அன்பு என்று அதைச் சொல்லமாட்டேன். ஒரே பஸ்ஸில் தினமும் போகிற இரண்டு பேர் பார்த்துக்கொள்வதுபோல இருந்தது. நான் பஞ்சு வைப்பதை விட்டுவிட்டதில் மாமியாருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஞானஸ்நானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பாஸ்டர் தண்ணீர் தெளித்தபோது மகள் தும்மினாள். வீட்டுக்கு வந்து எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள். நாத்தனார் கொசுவலை, புதுத் துணி, பாட்டில், பவுடர் எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கினார். என்னிடம் யாரும் மறுபடி கேட்கவில்லை. நான்தான் சரி என்று சொல்லிவிட்டேனே. கடுகுத் தலையணையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஆட்டோ எங்கள் சந்துக்குள் வராது. தெருமுனையில் நின்றது. மாமியாரும் என் வீட்டுக்காரரும் பையோடு நாத்தனாரை அனுப்பப் போனார்கள். நான் வீட்டுக்குள்ளே எச்சில் இலைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோ கிளம்புகிற சத்தத்துக்குக் குழந்தை விழித்துக்கொண்டாள் போல. அழ ஆரம்பித்தாள். எனக்குக் கேட்டது. அந்த அழுகை பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை. எங்கள் தெருமுனையில், ஆட்டோவுக்குள்ளிருந்து வந்தது. இரண்டு மார்பிலும் ஊசி குத்துகிற மாதிரி சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப் புடவை நனைந்துகொண்டிருந்தது.

கையில் பிரியாணி எண்ணெயோடு, செருப்பில்லாமல் தெருமுனைக்குப் போனேன். ஓடினேன் என்று மாமியார் இன்றும் சொல்கிறார். எனக்கு நினைவில்லை.

“அண்ணி, குடுங்க. பால் வருது,” என்றேன்.

நாத்தனார் என் புடவையைப் பார்த்தார். “பையில பாட்டில் கலந்து வெச்சிருக்கேன்மா,” என்றார், மெதுவாக.

“தெரியும் அண்ணி. குடுங்க.”

ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். நான் ஏறி நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்காதபடி தன் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டார். மகள் குடித்தாள். எனக்கு வலித்தது. மரத்துப்போன காலில் உணர்வு திரும்பும்போது குத்துமே, அந்த வலி. நான் அழுதேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்தடவையாக அழுதேன்.

அவள் குடித்து முடித்தாள். நாத்தனாருடைய மடியில் கடுகுத் தலையணை இருந்தது. அதை விரலால் அழுத்திக்கொண்டே கேட்டார்.

“இத இன்னாம்மா பண்றது?”

நான் யாரிடம் எதைக் கேட்கப்போகிறேன் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

“குடுத்துட்டுப் போங்க அண்ணி,” என்றேன்.

அவர் அதை இரண்டு கையாலும் தட்டி, ஒரு பக்கமாகச் சேர்ந்திருந்த கடுகைச் சமமாகப் பரப்பி, என் மகளின் தலையைத் தூக்கி அடியில் வைத்தார்.